டெல்டா சுற்றக் கிளம்பும் வண்டிக்கு டூல்ஸ் பை: அடுத்த கடைத்தெரு வரை போனால் போதும்

கேட்டிருப்பது இதுதான்: 350 சிசி வண்டி ஒன்றில் கல்லணையில் கிளம்பி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், அங்கிருந்து கடற்கரையோரமாகவே தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை, திரும்பும்போது திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர். நான்கு நாள், தனி ஆள். "மெக்கானிக் வேலை தெரியாது. என்னென்ன டூல்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும்? 46 பீஸ் சாக்கெட் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அது போதுமா?"

போதாது. பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி கால் இன்ச் செட், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் இன்ச். சாக்கெட்டுகள் 4 எம்எம்மில் ஆரம்பித்து 14-இல் நின்றுவிடும். உங்கள் வண்டியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டு அதைவிடப் பெரியது. பஞ்சரானால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரத்தை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். வீட்டில் மிக்ஸி, டேபிள் ஃபேன் பிரிக்க அருமையான பெட்டி. வாங்கினால் வீட்டுக்கென்று வாங்குங்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம். அப்பா பம்ப்செட் மெக்கானிக் என்பதால் பள்ளிக்கூட லீவெல்லாம் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே கழிந்தது. பிறகு மூன்று வருடம் ஒரு டூவீலர் பட்டறையில் இருந்தேன். இப்போது வேலை வேறு, ஆனால் வண்டி ஓட்டுவது நிற்கவில்லை. நீங்கள் சொல்லும் வழி முழுக்க எனக்குப் பழக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லடாக் போகிறவர்கள் போட்ட பட்டியலைப் பார்த்து டெல்டாவுக்கு மூட்டை கட்டாதீர்கள். அங்கே அடுத்த ஆளைப் பார்க்கவே நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். இங்கே பெரும்பாலும் ஆறேழு கிலோமீட்டருக்குள் ஒரு கடைத்தெரு வந்துவிடும். டீக்கடை, உரக்கடை, பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை, வேப்பமரத்தடியில் ஒரு மெக்கானிக். அவரிடம் சுத்தியல், ஸ்பானர், வெல்டிங், அனுபவம் எல்லாம் இருக்கும். இல்லாதது ஒன்றுதான்: உங்கள் வண்டியின் பார்ட்ஸ். ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல் என்றால் கிளட்ச் கேபிளில் இருந்து கார்புரேட்டர் ஜெட் வரை டப்பாவில் வைத்திருப்பார். உங்கள் 350-க்குக் கிளட்ச் கேபிள் வேண்டுமென்றால், "தஞ்சாவூர்லேர்ந்து வரவழைக்கணும், நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்" என்பார். அந்த இரவு நீங்கள் அந்த ஊரில்தான்.

அதனால் என் கணக்கு மற்றவர்கள் கணக்குக்குத் தலைகீழ். டூல்ஸ் கொஞ்சம், பார்ட்ஸ் அதிகம். பைக்கு ஒரே வேலைதான், வண்டியை அடுத்த கடைத்தெரு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு மேல் அங்கே இருப்பவர் பார்த்துக்கொள்வார்; கையில் பார்ட் இருந்தால் அரை மணியில் முடித்துக் கொடுத்துவிடுவார்.

எந்த ஸ்பானர் என்பதை நான் சொல்வதைவிட வண்டியே சொல்வது நல்லது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு காலை வாசலில் ஒரு சாக்கை விரித்து, வண்டியோடு வந்த டூல்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்யுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுங்கள். எங்கே ஸ்பானர் பொருந்தவில்லையோ, எங்கே கை எட்டவில்லையோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்கு அந்தத் தாளோடு போனால் போதும். ஒரு எச்சரிக்கை: ஆக்சில் நட்டைப் பட்டறையில் ஏர் கன் வைத்து முறுக்கியிருந்தால் உங்கள் கைக்கு அசையாது. அது வாசலில் தெரிவது நல்லது, ரோட்டோரத்தில் தெரிவது நல்லதல்ல. பட்டறையில் கொடுத்து ஒருமுறை தளர்த்தி, மரையில் துளி கிரீஸ் தடவி, ஏர் கன் இல்லாமல் கை ஸ்பானரால் முறுக்கச் சொல்லிவிடுங்கள்.

பொதுவாகச் சொல்வதென்றால் 8-9, 10-11, 12-13, 14-15, 16-17 என்று இரட்டை வாய் ஸ்பானர் ஐந்தே போதும். ஹோண்டா, யமஹா மாதிரி ஜப்பான் முறை வண்டிகளில் 8 எம்எம் தண்டுள்ள போல்ட்டுக்குத் தலை 12. ஐரோப்பிய முறையில் அதே போல்ட்டுக்குத் தலை 13. 12-13 ஒன்று இருந்தால் இரண்டுக்கும் ஆகும். 10-க்கு மட்டும் ஒரு டி-ஸ்பானர் தனியாக வாங்குங்கள், வண்டியில் பாதி போல்ட் அதுதான். அடுத்தது ஆக்சில் நட்டுக்குச் சரியான அளவு ரிங் ஸ்பானர், முன்னுக்கும் பின்னுக்கும். இரண்டு பக்கமும் நட்டு இருக்கிறதா, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள இன்னொரு ஸ்பானர் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு ஒற்றை ஸ்பானரோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை நம்பி ஆக்சிலைத் தொடாதீர்கள், நட்டின் முனையை உருட்டிவிடும். ஆலன் கீ செட் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, முனை மாற்றிப் போடும் திருப்புளி ஒன்று. தபாரியா கம்பெனி டூல்ஸ் போதும், அதற்கு மேல் விலை கொடுக்க நீங்கள் பட்டறை வைக்கப் போவதில்லை.

வண்டியோடு வந்த பையில் இரண்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்று பிளக் ஸ்பானர். பிளக் ஹெக்ஸ் 16, 18, 21 என்று வண்டிக்கு வண்டி மாறும், கூடவே வந்ததுதான் அந்தக் குழிக்குள் சரியாக இறங்கும். இன்னொன்று ஷாக் அப்சார்பரைத் திருப்பும் வளைந்த ஸ்பானர். தனி ஆளுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது, ஆனால் தொலைத்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சரி, பஞ்சர். டெல்டாவில் உங்களுக்கு ஏதாவது நடந்தால் பத்துக்கு எட்டு முறை இதுதான் நடக்கும். ஒரு காலத்தில் இங்கே பஞ்சர் என்றால் மாட்டு லாட ஆணி. வண்டி மாடு குறைந்த பிறகு அந்த இடத்தைச் சீமைக்கருவேல முள் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரை, ரயில் ரோட்டோரம், கடலோரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. விறகுக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது ஒரு கிளை விழுந்தால் போதும்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். ஸ்போக் சக்கரம் என்றால் உள்ளே அநேகமாக டியூப். அலாய் என்றால் அநேகமாக டியூப்லெஸ். டயரின் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் ஸ்போக் ரிம்மில் அதே டயரை டியூப் வைத்து மாட்டியிருப்பார்கள், எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள்.

டியூப்லெஸ் என்றால் வேலை சுலபம். துளையைப் பெரிதாக்கும் துருவி, ஊசி, ரப்பர் ஸ்ட்ரிப் ஐந்தாறு, சொல்யூஷன். முள்ளைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்துத் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்குங்கள். பிடுங்கும் கோணத்தைக் கவனியுங்கள், முள் சாய்வாக ஏறியிருந்தால் துருவியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். சைக்கிள் ஓட்டியவனுக்கு வராத வேலை இல்லை.

டியூப் என்றால் வியர்வைதான். டயர் லிவர் மூன்று வேண்டும், இரண்டு போதாது. இரண்டு பிடித்திருக்க மூன்றாவதுதான் நகரும். ஸ்பேர் டியூப் ஒன்று. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு இன்ச் வித்தியாசம் என்றால் முன் டியூபையே வாங்குங்கள், அவசரத்துக்குப் பின்னாலும் போகும். பின் டியூப் தடிமன், ஒல்லியான முன் டயருக்குள் மடிந்துபோய்த் திரும்பவும் பஞ்சராகும். பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள் ஆகியவை டியூபை மாற்றிய பிறகு இரவு லாட்ஜில் உட்கார்ந்து பழைய டியூபை ஒட்டி வைக்க. சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் அடுத்த பயணத்துக்குள் உள்ளேயே காய்ந்துவிடும், புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் யாரும் சொல்லித்தராத இடம் ஒன்று உண்டு. டியூபை வெளியே எடுத்ததும் புது டியூபை உள்ளே தள்ளாதீர்கள். முள் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். வெறும் விரலை விட்டுத் தடவினால் விரலில் ஏறும். ஒரு பழைய வேட்டித் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்று இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கே துணி பிடிக்கிறதோ அங்கேதான் முள். பிளேயரால் உள்பக்கமிருந்து இழுங்கள், வெளியே நுனி தெரிந்தால் வெளியிலிருந்து. அப்புறம் இன்னொரு சுற்று. ஒரு முள்ளுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், கருவேலத்தின் குணம் அது. புது டியூபில் லேசாகக் காற்று வைத்து உருவம் வந்த பிறகு உள்ளே விடுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வு அருகே முடியுங்கள். முடிவில் இறுகும்போது லிவரைத் திணிக்காமல், எதிர்ப்பக்க டயர் ஓரத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் தானே தளரும். பலத்தால் முடிக்கிறவன் புது டியூபையே லிவரால் கடித்துவிடுவான். நான் கடித்திருக்கிறேன்.

எங்கே ஓட்டை என்று தெரியாவிட்டால் நம் ஊர் வசதி: ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கே நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு வாய்க்கால். டியூபை முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் வந்தால் வாய்க்காலில் நாணல்தான் இருக்கும். குடிக்கும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர், ஒரு ஷாம்பு பாக்கெட். நுரை போட்டுத் தடவினால் அதே வேலைதான்.

பம்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பட்டவன் என்பதால். ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் ரோடு. பின் சக்கரம் படுத்துவிட்டது. என்னிடம் எல்லாம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றினேன், முள்ளை எடுத்தேன், புது டியூபை மாட்டினேன். பம்ப்பை எடுத்து இரண்டு மிதி மிதித்தேன். வாயில் இருந்த ரப்பர் குழாய் வெடித்து நூல் நூலாய்ப் பிரிந்துவிட்டது. நான்கு வருடமாக டிக்கியிலேயே வெயிலில் கிடந்த பம்ப், ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. களத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "காத்துதானே தம்பி இல்ல? வைக்கலைத் திணி." கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவரே உட்கார்ந்து வைக்கோலைக் கயிறாக முறுக்கிப் பிரி திரிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டைவிரல் தடிமனுக்குப் பிரி, ஒன்றன் மேல் ஒன்றாக. டியூபை வெளியே எடுத்துவிட்டு டயருக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தோம். எவ்வளவு வைக்கோல் உள்ளே போகும் என்று செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். சக்கரத்தை மாட்டி, மாட்டு வண்டி வேகத்தில் ஆறு கிலோமீட்டர் போனேன். கடைத்தெருவில் பஞ்சர் கடைக்காரர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. "இது வண்டிக்கா, மாட்டுக்காண்ணே?" என்றார்.

அதிலிருந்து பம்ப் இரண்டு வகையில் வைத்திருக்கிறேன்: பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று, கையால் அடிக்கும் சைக்கிள் பம்ப் ஒன்று. கம்ப்ரஸரை வாங்கியதும் வீட்டிலேயே ஒரு டயரை முழுசாக இறக்கிவிட்டு நிரப்பிப் பாருங்கள். சில வண்டிகளின் சார்ஜர் சாக்கெட் அந்த ஓட்டத்தைத் தாங்காமல் ஃபியூஸ் போய்விடும். நேராகப் பேட்டரியில் கவ்வும் ஒயர் வைத்ததாகப் பாருங்கள். காற்றை அளக்கும் கேஜ் ஒன்று, பேனா அளவில் இருந்தால் போதும். எவ்வளவு பிஎஸ்ஐ என்பது உங்கள் வண்டியின் செயின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும், பை ஏற்றினால் பின்னுக்குச் சற்றுக் கூடுதல்.

அடுத்தது கேபிள். கடைத்தெரு மெக்கானிக்கிடம் கிடைக்காத பார்ட்டில் முதலிடம் கிளட்ச் கேபிளுக்கு, அடுத்தது ஆக்சிலேட்டர் கேபிள். இரண்டும் உங்கள் வண்டிக்கென்றே வாங்குங்கள். ஆனால் பையில் வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை ஒட்டியே, அதே வளைவில், புது கேபிளையும் ஹேண்டில்பாரிலிருந்து என்ஜின் வரை போட்டு, இரண்டு முனையிலும் ஒரு துண்டு பழைய டியூபைச் சுற்றித் தண்ணீர் போகாமல் கட்டி, இடையிடையே பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். பழையது அறுந்தால் டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. மேல் முனையையும் கீழ் முனையையும் மாற்றினால் பத்து நிமிட வேலை.

கிளட்ச் கேபிள் சொல்லாமல் அறுவதில்லை. லிவருக்குள் உருண்டை பதியும் இடத்தில் கம்பி இழை ஒவ்வொன்றாகத்தான் போகும். லிவர் பிடித்துப் பிடித்து வரும், இருந்த ஆட்டம் திடீரென்று கூடிவிடும். கிளம்புமுன் லிவரைப் பிடித்துக்கொண்டு அந்த உருண்டையின் கழுத்தை மொபைல் டார்ச்சில் பாருங்கள். ஒரே ஒரு இழை முடி போல வெளியே நின்றாலும் மாற்றிவிடுங்கள். அறுந்தே போனால், வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து தள்ளி, ஓட்டம் வந்ததும் ஏறி முதல் கியரைத் தட்டலாம். மேலே போகும் கியருக்கு ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டால் விழும். காலியான ரோட்டில் அது ஓடும். கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குள் முயற்சி செய்ய வேண்டாம்.

செயினுக்கு, அதன் இரண்டு முனையையும் இணைக்கும் செயின் லாக் ஒன்று போதும், ஆனால் எண் பார்த்து வாங்க வேண்டும். செயின் தகட்டிலேயே 428, 520, 525 என்று குத்தியிருப்பார்கள். லாக் கிளிப்பின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் லாக்கே கிடையாது, ரிவெட் அறைந்த செயின்தான் வரும். அப்படியானால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள், செயினை மட்டும் நல்ல நிலையில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கரென்ட் சமாச்சாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஃபியூஸ் மாற்றுவதுதான். உங்கள் வண்டி டப்பாவில் எந்தெந்த அளவு இருக்கிறதோ அதில் இரண்டிரண்டு. நிறத்திலேயே தெரியும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போட்ட உடனே திரும்பவும் போனால் எங்கோ ஒயர் உடம்பில் உரசுகிறது என்று அர்த்தம். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பக்கம் முதலில் பாருங்கள். சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றிப் போடும் பழைய வித்தை வேண்டாம், ஃபியூஸ் காப்பாற்றியதை அது எரித்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் இன்னொன்று: பெட்ரோலை என்ஜினுக்கு அனுப்புவதே பேட்டரியில் ஓடும் பம்ப்தான். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பழைய புல்லட் போலத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பேட்டரி மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் கிளம்புமுன் அளந்து பாருங்கள். ராத்திரி நின்றுவிட்டுக் காலையில் 12.5 வோல்ட் சொச்சம் இருந்தால் கவலையில்லை. என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். மல்டிமீட்டரை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

ஸ்பார்க் பிளக் ஒன்று புதிதாக வையுங்கள். சாதாரண நாளில் பிளக் போகவே போகாது. ஐப்பசி கார்த்திகையில் வந்தால்தான் இதன் அருமை. அடைமழையில் ரோடும் வயலும் ஒன்றாகிவிடும் இடங்கள் கீழத்தஞ்சையில் நிறைய. தண்ணீருக்குள் ஓடும்வரை ஓடும், நடுவில் ஆஃப் ஆனால் செல்ஃபைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, அப்புறம் செல்ஃப் அடியுங்கள். தண்ணீர் பிளக் துளை வழியே பீச்சும். ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் ஓட்டாதீர்கள், டாட்டா ஏஸ் ஏதாவது பிடித்து ஏற்றிவிடுங்கள்.

தைக்குப் பிறகு வந்தால் பிரச்சினை வேறு. ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடிக்காமல் போவது உங்கள் பாடு. டூல்ஸ் பைக்கு என்ன வேலை என்றால், வைக்கோல் பின் ஸ்ப்ராக்கெட்டிலும் ஆக்சிலிலும் சுற்றிக்கொண்டு கயிறாகத் திரண்டுவிடும். அதை அறுக்க ஒரு பேனாக்கத்தி வையுங்கள். அதே கத்தி மட்கார்டுக்குள் அப்பிய களிமண்ணைச் சுரண்டவும் ஆகும். ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், காய்ந்தால் அது செங்கல்.

ஒட்டும் கட்டும் சாமான்களை ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள்: இன்சுலேஷன் டேப் ஒரு சுருள், டேக் பத்து, கட்டுக்கம்பி இரண்டு முழம், எம்-சீல் ஒன்று, சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நறுக்கிய பட்டைகள் ஐந்தாறு. இந்தப் பட்டைகளைக் குறைத்து எடைபோடாதீர்கள். தொங்கும் சைலன்சர் கார்டு, உடைந்த இண்டிகேட்டர், அறுந்த பை வார் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டலாம். கயிறு தளரும், இது இறுகும். இதோடு ஸ்ப்ளிட் பின் இரண்டு, 6 எம்எம், 8 எம்எம் நட்டு போல்ட்டு நாலைந்து. பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்கள் அதிகம் மறப்பது பின் பிரேக் தட்டு சக்கரத்தோடு சுழலாமல் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் கம்பியின் நட்டை. டிரம் பிரேக் வண்டி என்றால் அது இல்லாமல் ஓட்டினால் முதல் பிரேக்கிலேயே வினை. சக்கரம் மாட்டியதும் பிரேக்கை நான்கு முறை மிதித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

பட்டியலில் யாரும் எழுதாத சாமான் ஒன்று சொல்கிறேன். டெல்டா மண்ணில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், தோண்டினால் களிமண், மணல், திரும்பக் களிமண். ரோட்டை விட்டு ஓரம் கட்டி சைடு ஸ்டாண்டு போட்டால், பத்து நிமிடத்தில் ஸ்டாண்டு இறங்கி வண்டி சாய்ந்துவிடும். மலையோரத்து ஆள் ஒரு தட்டைக் கல்லைத் தேடுவார், இங்கே தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டு ஒன்று பையில் கிடக்கட்டும். மறந்துவிட்டால் தென்னை மட்டையின் அடிப்பாகம்; அதற்குப் பஞ்சமில்லை. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் சக்கரம் கழற்றுவதே கஷ்டம். அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் பஞ்சர் கிட்டைவிட ஒரு நல்ல பஞ்சர் கடைக்காரரின் நம்பரை ஒவ்வொரு ஊரிலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

எப்படிக் கட்டுவது? ஸ்பானர்களைப் பழைய ஜீன்ஸ் காலில் வரிசையாக வைத்துச் சுருட்டிக் கட்டினால் சத்தம் வராது, விரித்தால் அதுவே பாய். துணியில் நாலு சொட்டு என்ஜின் ஆயில் தேய்த்து வையுங்கள், கடலோரத்தில் துருப்பிடிக்காது. கனமானது கீழே, நடுவில், வண்டியோடு இறுக்கமாக. முதுகுப் பையில் ஸ்பானர் வைக்கவே வைக்காதீர்கள். விழுந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரும்பு. கையடக்கப் பம்ப்பையும் டியூபையும் சேர்த்து மூன்று நான்கு கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் எதையோ பயத்தில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று; மொபைலை வாயில் கவ்விக்கொண்டு செயின் மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். எதைக் கழற்றினாலும் கழற்றுமுன் ஒரு போட்டோ.

பொங்கல் மூன்று நாளில் மட்டும் வராதீர்கள், அல்லது இந்தப் பையை இரட்டிப்பாக்கிக்கொண்டு வாருங்கள். மாட்டுப் பொங்கலன்று மெக்கானிக்கைத் தேடினால் அவர் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு கிடைக்கும், வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

கடைத்தெருக் கணக்கு தளரும் இடம் உங்கள் வழியில் ஒன்றுதான், வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை. பெரிய தூரமில்லை, பத்துக் கிலோமீட்டர் சொச்சம். ஆனால் ஒரு பக்கம் உப்பளம், அப்புறம் காடு, வெளிமான் திரியும் சரணாலயம். வழியில்தான் அகஸ்தியம்பள்ளி, 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து உப்பு எடுத்த இடம். பெட்ரோலும் காற்றும் வேதாரண்யத்திலேயே பார்த்துக்கொண்டு போங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. காலையில் பளபளவென்றிருந்த செயின் மறுநாள் காலை காவி நிறத்தில் நிற்கும். பேட்டரி டெர்மினலில் வீட்டிலேயே வாஸ்லைன் தடவிக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்து லாட்ஜில் பையை இறக்கியதும், குளிப்பதற்கு முன், ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்குங்கள். செயின், ஸ்போக், டிஸ்க், சைலன்சர் அடி எல்லாவற்றிலும் மெதுவாக ஊற்றி, அந்த வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, செயினுக்கு மட்டும் ஆயில் போடுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது.